பூதத்துக்குப் புளிச்ச ஏப்பம்

சினிமாவில் குதிரை ஓடினால் அது குதிரை போடும் சத்தம் என்று நம்புகிறவர்கள் நல்லவர்கள், பாவம். ஓர் இருட்டறையில் ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பார். எலும்பு முறிய வேண்டுமா, முட்டைக்கோஸ் தண்டை முறிப்பார். பறவை பறக்க வேண்டுமா, பழைய தோல் கையுறையை உதறுவார். அவரை ஸ்டுடியோவில் எல்லோரும் சத்தக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அதற்கும் போன மாதத்திலிருந்து கட்டுப்பாடு. அவருடைய நெஞ்செரிச்சலைப் பார்த்துப் பயந்துபோன மனைவி, பொரித்த எதையும் இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் பாதி அன்பிலும் மீதி பயத்திலும் அதைக் காப்பாற்றி வந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பூதம் தண்ணி காட்டியது. புதுப் படமொன்றில் மலையைப் பிளந்துகொண்டு வரும் பூதம். அதற்கு ஒரு குரல் வேண்டும். தகரத்தைப் பிறாண்டினார், மேசையை இழுத்தார், பெரிய குழாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளவட்ட இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலத்துக்குள் வரவில்லையென்றால் கம்ப்யூட்டரில் செய்துகொள்வதாகவும் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் சிரட்டைக்கும் முட்டைக்கோசுக்கும் அங்கே என்ன வேலை? சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கவலையை மட்டும் தின்றதில் சத்தக்காரருக்கு நெஞ்சு எரிந்தது, தொண்டை வரை புளித்தது.

படி இறங்கினால் மருந்துக்கடை. கடைக்கார அம்மாள் ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைக் கொடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு மைக் முன்னால் வந்து நின்றார். உள்ளே ஏதோ நுரைத்தது, திரண்டது, மேலே ஏறியது. அடக்கிப் பார்த்தார். அது அடங்குகிற ரகமாக இல்லை.

வந்த ஏப்பத்தில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், பூதம் கண்ணு முழிச்சிடுச்சு," என்றார். ஆனால் கண் விழிப்பதற்குத்தான் இது சரியாம். ஊரை நொறுக்கும் காட்சிக்கு இதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டுமாம்.

சத்தக்காரர் ஒரே ஓட்டமாக ஓடி இன்னொரு பொட்டலம் வாங்கிக் கரைத்துக் குடித்தார். மைக் முன்னால் காத்து நின்றார். வயிறு பால் குடித்துத் தூங்கும் குழந்தைபோலக் கிடந்தது. எரிச்சல்கூடப் போயிருந்தது. உடம்பு இவ்வளவு சுகமாக இருந்து மனசு இவ்வளவு துக்கப்பட்டது அவர் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

மறுபடியும் கீழே போய், பொடி போலி என்று சண்டைக்கு நின்றார். அம்மாள் கோபப்படவில்லை.

"பொடி தனியா ஒண்ணும் பண்ணாதுங்க. வயித்துல அமிலம் இருந்தா அதோட மோதும். மோதினா ரெண்டும் உப்பாவும் தண்ணியாவும் ஆயிடும், கூடவே காத்து கிளம்பும். அந்தக் காத்துதான் உங்க ஏப்பம். முதல் பொட்டலத்துலயே உங்க அமிலம் அடங்கிப்போச்சு. இப்ப மோதுறதுக்கு ஆளில்லை."

"அப்ப எனக்கு அமிலம் வேணும்," என்றார் சத்தக்காரர்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அது வேண்டாம் என்று வருகிறவர்களை வைத்தே கடை நடத்துபவர் அவர். காற்றே கிளப்பாமல் அமிலத்தை அடக்கும் மருந்தும் உண்டு, பால் மாதிரி இருக்கும், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். பொடியையே நம்பிக் காலம் தள்ளுவதாக இருந்தால் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எதிர்ச் சாரியில் பொரித்த மீன் கடை. வாசனை தெருவைத் தாண்டி வந்து சட்டையைப் பிடித்தது. சத்தக்காரர் சத்தியத்தை நினைத்தார். பிறகு சிரட்டைகளை நினைத்தார். கடைக்குள் போனார். மிளகாய் தூக்கலாக, எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு. வெட்கத்தை விட்டுவிட்டு இன்னொரு தட்டு. அதன்மேல் பால் விடாத காபி. அதுவும் போதாதென்று மச்சானுக்குப் போன் போட்டு அரசியல் பேசினார். அவன் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு பற்றிக்கொண்டது. மனுஷன் சந்தோஷமாக இன்னொரு பொட்டலம் வாங்கிக் கரைத்துக் குடித்தார்.

அன்று மைக்கில் ஏறியதை எழுத்தில் எழுத முடியாது. இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார், மீன் வாசனை அடித்ததும் விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் பேச்சு அதோடு நின்றது. வீட்டில் சத்தக்காரர் மீனைப் பற்றி மூச்சு விடவில்லை. டப்பா திறக்காமலே திரும்பியிருப்பதைப் பார்த்து மனைவி கேட்டதற்கு, வேலை அப்படி என்று மட்டும் சொல்லிவைத்தார்.

படம் வெளியானதும் அவளையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். பூதம் கண் விழித்தது. அரங்கமே மூச்சைப் பிடித்தது. மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, இது நீங்கதானே? வெறும் வயிறு. டப்பா அப்படியே திரும்பி வந்துச்சே, அன்னைக்கு."

அவர் தலையாட்டினார். தொழிலே சத்தமாக இருப்பவருக்குக்கூட இப்படி ஒரு காது கிடையாது. பட்டினி கிடந்தா வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிப்பட்டவளிடமா மறைத்தோம் என்று அவருக்கு உறுத்தியது. அழுகை வரப் பார்த்தது. அப்போதுதான் திரையில் பூதம் ஊருக்குமேல் காலைத் தூக்குவதைக் கவனித்தார்.

வா, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று அவளை இழுத்தார். நல்ல கட்டத்தில் எங்கே போவது என்று அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

பூதம் வாயைத் திறந்தது. நாற்காலிகள் அதிர்ந்தன. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. மனைவியின் கை மெதுவாக விலகியது.

"மீனு," என்றாள். "ரெண்டு தட்டு. நீங்க பட்டினியா வந்தீங்கன்னு நான் அன்னைக்கு மறுபடியும் அடுப்பைப் பத்தவெச்சேன்."

திரையில் ஊர்ஜனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. தானும் கூடவே ஓடிவிட்டால் தேவலை என்று சத்தக்காரருக்கு இருந்தது.