ஏழாவது பாட்டில் அம்மா

"என் அம்மாவின் குரலைப் பாட்டிலிருந்து எடுத்துவிடு" என்று பிரியந்தி சொன்னதும் லொறென்சோ சிரித்தான்.

"அதுதான் ஆல்பத்தின் உயிர். அதை எடுத்தால் மிச்சம் வெறும் மெஷின் சத்தம்."

இருவரும் இத்தாலியில், பலெர்மோவில் ஒரே வகுப்பு. இப்போது லண்டனில் ஒரே இசைக்குழு. அவன் பாடுவான், அவள் கீபோர்ட். முதல் ஆல்பம் முழுக்கச் செங்கொடி, ஊர்வலம், மூடிப்போன கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் என்று அவனுடைய அப்பா காலத்து ஏக்கம். அவனோ ஓர் ஊர்வலத்திலும் நடந்தவனில்லை.

2009 ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் பிரியந்தியோடு வந்தான். இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லித் தமிழர்கள் கத்தியதைப் பதிவு செய்தான். கோஷங்களுக்கு நடுவே, வன்னியில் சிக்கியிருந்த தன் தங்கையைப் பிரியந்தியின் அம்மா றோஸ்மலர் கூப்பிட்டு அழுததும் அதில் விழுந்துவிட்டது.

"லூர்தம்மா! எங்கையடி இருக்கிறாய்?"

மே மாதம் போர் முடிந்தது. லூர்தம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஏழாவது பாட்டில் மட்டும் அந்த அழுகை தாளத்தோடு திரும்பத் திரும்ப வந்தது.

"உன் அம்மா வேண்டாமென்றால் எடுக்கிறேன்" என்றான் லொறென்சோ.

நோர்பரி வீட்டில் பிரியந்தி அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினாள். வெங்காயம் உரித்த கை நின்றது.

"இது நானெல்லோ?"

"ஓம். வேண்டாமெண்டு சொல்லுங்கோ அம்மா, எடுப்பிக்கிறன்."

"ஏன் எடுக்கிறாய்? அங்க தொண்டை கிழியக் கத்தினம். ஆர் கேட்டது? பாட்டு வாங்கிற உதுகளாவது கேக்கட்டும். விடு."

நவம்பரில் ஷோர்டிச்சில் ஒரு கிளப்பில் ஆல்பம் வெளியீடு. றோஸ்மலர் கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்து மேடையோரம் நின்றாள். வாசலில் கொடுத்த சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிய கூட்டம், ஏழாவது பாட்டுக்கு முஷ்டியை உயர்த்திக் குதித்தது. பியர் சிந்தியது. ஒரு பெண் றோஸ்மலரின் கையையும் பிடித்து மேலே தூக்கி ஆட்டினாள்.

பிரியந்தி கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி அம்மாவின் குரலை மட்டும் சட்டென்று நிறுத்தினாள்.

தாளம் ஓடியது. ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. லொறென்சோ கண்ணை மூடியபடி பாடிக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்தவளிடம் அம்மா கேட்டாள்: "ஏன் நிப்பாட்டினனீ?"

"அவங்கள் ஆடுறாங்களம்மா."

"ஆடட்டும். அவளின்ரை பேரைச் சொல்ல வேற ஆர் இருக்கினம்?"

லொறென்சோ ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டு இத்தாலியனில் கத்தினான். "கூட்டத்தைப் பார்த்தீர்களா? இன்றைக்கு ஏழாவது பாட்டுத்தான் உச்சம்!"

பலெர்மோவில் வாழ்ந்த றோஸ்மலருக்கும் இத்தாலியன் விளங்கும். கோட்டை மாட்டிக்கொண்டாள்.