விமானம் போன நேரம்

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் பதினோரு வருடம் கபடிக் குழு நடத்திய வீரபாண்டிக்கு அஜ்மானில் ஒரு வெள்ளிக்கிழமை சால்வை போர்த்தினார்கள். ஒரு காலத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே ஆடியவர். முழங்கால் போனபிறகு ஆள் சேர்த்து, அப்பா முத்திருளாண்டியின் பெயரில் குழு அமைத்தார். தொடப்பட்டவன் நடுவர் சொல்லும்வரை நிற்காமல் தானே கையைத் தூக்கி வெளியேற வேண்டும் என்பது அவர் சட்டம். மீறிய இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை அன்றே விரட்டியவர்.

மேசையில் குழு வென்ற கோப்பைகள் இருந்தன. குழுச் செயலாளர் சேதுமாதவன் மைக்கைப் பிடித்தான்.

"ரெண்டாயிரத்து மூணு ஃபைனல், கடைசி ரெய்டு! நம்ம முனியசாமிக்கு எதிராளி கோட்டுக்குள்ளயே மூச்சு அந்துபோச்சு. நல்லவேளை, தலைக்கு மேல ஃபிளைட்டு போகுது. வாயை மட்டும் அசைச்சுக்கிட்டே வந்து கோட்டைத் தொட்டான் பாருங்க! அம்பயருக்குக் காது கேட்டாத்தானே!"

கூட்டம் சிரித்தது. வீரபாண்டி சிரிக்கவில்லை. கபடிப் பாட்டு நின்றால் ஆள் அவுட். அந்த ஒரு புள்ளியில்தான் கோப்பை வந்தது.

முன்வரிசையில் இருந்த தம்பி முனியசாமியைப் பார்த்தார்.

"நிசமாடா?"

"விடுண்ணே, நாலு வருசமாச்சு. கேம்புக்கே தெரியும்."

"அப்பா பேரைச் சட்டையில போட்டுக்கிட்டு வாயசைச்சியா?"

"கப்பு வந்துச்சுல்ல? அன்னைக்கு என்னைத் தோள்ல தூக்குனது யாரு?"

தூக்கியவர் அவர்தான். அதற்கு முன், "மூச்சு போச்சு" என்று கத்திக்கொண்டு வந்த எதிரணித் தலைவன் செய்கு அலாவுதீனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதும் அவர்தான். "எங்க வீட்டுல பொய்யாட்டம் கிடையாது, நீதான் பொய்யன்" என்று ஐந்நூறு பேர் முன்னால் கத்தியிருந்தார்.

அலாவுதீன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வீரபாண்டி சால்வையை உருவி நாற்காலியில் எறிந்தார். மேசையிலிருந்து அந்த ஃபைனல் கோப்பையை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தார்.

"கொண்டுபோய்க் குடு. நீயே குடு."

முனியசாமி முணுமுணுத்துக்கொண்டே போய் நீட்டினான். அலாவுதீன் அதைத் தொடவில்லை.

"கப்பு வேணாண்ணே. அன்னைக்கு என்னைப் பொய்யன்னீங்களே, என் மச்சான்மாரெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னாங்க. அதைத் திருப்பி எடுத்துக்குங்க."

வீரபாண்டி யாரிடமும் தலை குனிந்தவரில்லை. சேதுமாதவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"செய்கு அலாவுதீன் சொன்னது நிசம். நான் சொன்னதுதான் பொய். பொய்யன் எங்க வீட்டுல இருந்தான்."

முனியசாமி கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். வீரபாண்டி அவனைக் கூப்பிடவில்லை.