நாலாம் இலக்கப் படகுக்கு ஒரு சட்டம்

1.

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. பேராதனை தாண்டியதும், எதிரே இருந்த கறுப்புக் கோட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "எல்லாம் நியாயமா நடந்ததாலதான் கெட்டுப்போச்சு" என்றார். மற்றவர் தலையாட்டினார். எது கெட்டது என்று தெரியுமுன் கெலிஓயா வந்துவிட்டது. நான் இறங்கவேண்டியிருந்தது.

காணி விவகாரமாக இருக்கலாம், கலியாணமாகவும் இருக்கலாம். காணி வழக்கு வாசகர்களுக்கு அலுத்துவிட்டது, கலியாணத்தைப் போன தொடரில்தான் நடத்தி முடித்தேன். ஆகவே வீட்டுக்கு நடந்து போவதற்குள் அதைப் படகாக்கிவிட்டேன். 1932இல் கண்டி ஏரியில் பாய்ப்படகுச் சங்கம் ஒன்று இருந்ததா என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். அது இந்தப் பக்கங்களில் மட்டும் இருக்கிறது.

2.

தொடக்கம் ஒன்று: "ஏரியின் மேல் வெண்பாய்கள் அன்னங்களைப் போல—" (வேண்டாம். அன்னங்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை.)

தொடக்கம் இரண்டு: "சுவக்கினுக்கு மனைவியைவிடப் படகின்மேல்தான் பிரியம். அதைக் கண்டு றோஸ்—" (பத்திராதிபருக்குப் பிடிக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. அந்தப் படகில் முன்பக்கம் உட்கார்ந்து கயிறு பிடித்தவளே றோஸ்தான்.)

தொடக்கம் மூன்று, அடிக்காமல் விட்டது:

சங்கத்திடம் ஆறு படகுகள் இருந்தன. ஒரே தச்சர், ஒரே மரம், ஒரே அளவு. பாய்கள்கூட ஒரே துணியில் வெட்டியவை. காசுள்ளவன் நல்ல படகு வாங்கி வென்றுவிடக் கூடாது, கையும் புத்தியும் உள்ளவன் வெல்லட்டும் என்பது சங்கத்தின் எண்ணம். படகுக்கு இரண்டு பேர். எந்தப் படகு யாருக்கென்று பருவத்தின் தொடக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் போட்டி.

நாலாம் இலக்கம் சுவக்கினுக்கு வந்தது. நகரசபையில் தண்ணீர்ப் பகுதிக் கிளாக்கர். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பரீட்சை எழுதி ஊருக்கு வந்தவன். றோஸ் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் கரைக்குப் போய்ப் படகைக் கவிழ்த்துப்போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார்கள். பள்ளம் விழுந்த இடத்தை அடைப்பார்கள். மெழுகு பூசித் துணியால் துடைப்பார்கள். பாயை நிழலில் உலர்த்துவார்கள். மற்ற ஐந்து படகுக்காரர்களும் அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள்.

(காற்றைப் பற்றி ஒரு குறிப்பு. அந்த ஏரியில் காற்று மலைகளில் மோதித் திரும்பி, மெலிந்துதான் வரும். மெலிந்த காற்றில் அடிப்பாகம் வழவழப்பான படகே முந்தும். இது தெரியாமல் ஒரு புயற்காட்சி எழுதி வைத்திருந்தேன். கிழித்தாயிற்று.)

சுவக்கின் வென்றான். திரும்பத் திரும்ப வென்றான். துணிக்கடை மக்கீன், தன் படகு பின்னால் வந்து கரையைத் தட்டிய ஒரு நாள், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சுவக்கின்ட படகு தண்ணீல ஓடல்ல தம்பி, மெழுகுல ஓடுது."

எல்லாரும் சிரித்தார்கள். சுவக்கினும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் நின்றுவிட்டது.

3.

இனிச் சங்கச் செயலாளர் திருச்செல்வம் வரவேண்டும். இவரால் எனக்குப் பெரிய தொல்லை.

முதல் வரைவில் அவருக்கு மெல்லிய உதடும் பொறாமையும் கொடுத்திருந்தேன். றோஸை ஒரு மாதிரிப் பார்க்கவும் வைத்தேன். கதை வேகமாக ஓடியது. மறுநாள் வாசித்தபோது வெட்கமாகிவிட்டது. அந்த மனிதர் அப்படியில்லை. யாழ்ப்பாணத்தவர், சுவக்கின் வேலைபார்த்த கந்தோரில் தலைமைக் கிளாக்கர். சுவக்கின் புதிதாகச் சேர்ந்தபோது தன் அறையில் பாய் விரித்து இடம் கொடுத்தவர். தோட்டத்துப் பையனைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று சிலர் இழுத்தபோது, சேர்க்காவிட்டால் தானும் இல்லை என்று நின்றவர். போட்டியில் அவர் வருவது எப்போதும் கடைசி. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

அவர் வில்லனாக இருந்திருந்தால் நீங்களும் நானும் நிம்மதியாக இருந்திருப்போம்.

4.

கூட்டத்தில் திருச்செல்வம் சொன்னது இதுதான். படகுகள் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் அடிப்படை. இப்போது அவை ஒன்றுபோல இல்லை. ஆகவே இனி ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் சீட்டுப் போட்டு, விழுகிற படகில் ஏறவேண்டும்.

பிழை கண்டுபிடிக்க முடியாத யோசனை. நானும் தேடிப் பார்த்தேன்.

முதலில் கைதூக்கியவன் சுவக்கின்.

ஏன் தூக்கினான்? செயலாளருக்கு நன்றிக்கடன் என்று எழுதினேன், அடித்தேன். எதிர்த்தால் சுயநலக்காரன் என்பார்கள் என்ற கூச்சம் என்று எழுதினேன். அதில் பாதி உண்மை. மீதி இது: வெல்வது மெழுகல்ல, தான் என்று அவன் நம்பினான். அதைக் காட்ட ஒரு வழி திறந்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

றோஸ் கைதூக்கவில்லை. பெண்கள் படகில் ஏறலாம், வாக்களிக்கக் கூடாது. அது பழைய சட்டம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "நாலாம் நம்பர இனி யாரு தேய்க்கிறது?"

5.

மக்கீனின் துருக்கித் தொப்பிக்குள் இலக்கம் எழுதிய மரத்துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். நாலாம் இலக்கம் மக்கீனுக்கே விழுந்தது. அவர் முதலாவதாக வந்தார். சுவக்கின் வேறொரு படகில் நாலாவதாக வந்தான். அடுத்த கிழமை வேறு படகு, மூன்றாவது. அதற்கடுத்தது ஐந்தாவது.

அவன் கெட்ட ஓட்டி அல்ல. ஆனால் பெரிய ஓட்டியும் அல்ல. (இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு மனமே வரவில்லை. அவனை ஒரு தடவையாவது வெல்லவைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வென்றால் இது வேறு கதை.) அவனுடைய கெட்டிக்காரத்தனம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. சனிக்கிழமையை மட்டும் கணக்கில் எடுக்கிற சட்டத்துக்கு அவனே கைதூக்கியிருந்தான்.

மக்கீன் மட்டும் கரையில் அவனைத் தனியே அழைத்து, "இது நான் வென்டதில்ல தம்பி" என்றார். அது ஆறுதலா, அடியா என்று அவனுக்கு விளங்கவில்லை.

பழக்கம் விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலாம் இலக்கத்தைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தான். திருச்செல்வம் வந்து, ஒரு படகை மட்டும் பராமரித்தால் சீட்டுப் போடுவதற்கே அர்த்தமில்லை என்று பணிவாகச் சொன்னார். அதுவும் சரிதான். சுவக்கின் நிறுத்தினான்.

பிறகு எந்தப் படகும் எவருடையதும் அல்ல. ஐப்பசி மழை படகுகளுக்குள் தேங்கியது, இறைக்க ஆளில்லை. இன்று ஏறுகிற படகில் அடுத்த கிழமை வேறொருவர் ஏறப்போகிறார், பின் ஏன் மினக்கெடவேண்டும்? அடியில் பாசி பிடித்தது. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. பாய்கள் பூஞ்சணம் பூத்துக் கறுத்தன. எந்தப் படகு விழுகிறதோ அதுவே வெற்றியையும் தோல்வியையும் முடிவுசெய்தது. தொப்பிக்குள் கைவிடும்போது மக்கீன் கண்ணை மூடி ஓதத் தொடங்கினார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார்கள்.

6.

தை பிறந்ததும் ஒரு பின்னேரம் திருச்செல்வம் சுவக்கின் வீட்டுக்கு வந்தார். றோஸ் கதிரை போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

பிறகு, "சுவக்கின், நான் ஒண்டு கேக்க வந்தனான்" என்றார். "ஆறு படகையும் நீர் பார்த்தால் ஆறும் ஒண்டாய் இருக்கும். உம்மைவிட்டா இந்த ஊரில அதுக்கு ஆளில்லை. சங்கம் உமக்கெண்டு ஒரு பதவி வைக்கும்."

சுவக்கினின் முகம் மலர்ந்தது. மெழுகு எங்கே வாங்குவது, எந்தப் படகை முதலில் கவிழ்ப்பது என்றெல்லாம் பேசத் தொடங்கினான். திருச்செல்வம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்டு மட்டும். பராமரிக்கிறவருக்கு எந்தப் படகு எப்பிடி எண்டு தெரிஞ்சிருக்கும். அவரும் போட்டியில ஓடினா நாளைக்கு ஆரும் பிழையாக் கதைப்பினம். அதால பாக்கிறவர் ஓடக்கூடாது எண்டு ஒரு சட்டம் வைக்கவேண்டி வரும். நீர் குறை நினையாதையும்."



"அப்ப சனிக்கிழமையில நாங்க எங்க நிக்கிறது?" என்றாள் றோஸ்.

திருச்செல்வம் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"கரையில, ரீச்சர். முன்னுக்கு இரண்டு கதிரை போடுவிக்கிறன்."

7.

இந்த இடத்தில் சுவக்கின் பதில் சொல்லவேண்டும். மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சம்மதிக்கிறான். ஆறு படகும் மினுங்குகின்றன, சங்கம் பிழைக்கிறது, அந்த இரண்டு கதிரையில் ஒன்று எப்போதும் காலியாகவே இருக்கிறது. றோஸ் வருவதில்லை.

இன்னொன்றில் மறுக்கிறான். அடுத்த மழைக்குள் படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடுகின்றன. தோட்டத்துக்காரனைச் சேர்த்ததன் பலன் என்று யாரோ சொல்கிறார்கள். திருச்செல்வம் அவனுக்காகச் சண்டைக்குப் போகிறார்.

மூன்றாவதில் அவன், "அன்னைக்கு நான் கைதூக்கியிருக்கப்படாதுங்க" என்கிறான். "தூக்காட்டியும் அது சரியான சட்டம்தானே" என்கிறார் திருச்செல்வம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குமேல்—

அதற்குமேல் எனக்கு வரவில்லை. எந்த வரியிலும் பொய் சொன்னவர் எவருமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் இருவர் தங்கள் சனிக்கிழமையை இழந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். இருட்டுகிறது, திருச்செல்வம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார், றோஸ் இன்னும் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.