மூன்று மரை

1

இந்தக் கதை நகைச்சுவைக் கதையாகத்தான் பிறந்தது. ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற எழுத்தாளன் ஒருவன், அக்காவின் சைக்கிளுக்குப் பின் சக்கரம் மாற்றுகிறான். ‘மரை கழண்டவன்’ என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். முதல் வாக்கியம் இது:

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நான்கே நான்கு மில்லிமீட்டர் என் மானத்தை வாங்குவதற்காக

அங்கேயே நிற்கிறது. மேலே எழுதாமல் எழுந்து போனது ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2

அக்கா தபால் கொடுப்பவள். பின்னால் எடுத்த லாரி ஒன்று, நிறுத்தியிருந்த அவள் சைக்கிளின் பின் சக்கரத்தை எட்டாக வளைத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் பழைய சைக்கிள் கிடந்தது. அதன் சக்கரத்தைக் கழற்றிப் போடலாம் என்றேன். கடையில் கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள் என முறுக்கிக்கொண்டேன்.

சக்கரம் உள்ளே போயிற்று, ஆனால் ஆடியது. அளந்து பார்த்தேன். அக்கா சைக்கிளின் ஃப்ரேமில், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவைக்கு நடுவே நூற்று முப்பது மில்லிமீட்டர். அப்பாவின் சக்கரம் நூற்று இருபத்தாறு. அச்சில் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வாஷர் கோத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சக்கரம் நட்ட நடுவில் நின்றது. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அகலம் கூடினால் அச்சின் முனை உள்ளே போகும் என்பது நட்டை முடுக்கும்போதுதான் உறைத்தது. இடப்பக்கம் நட்டுக்கு வெளியே முனை தெரிந்தது. சங்கிலிப் பக்கம் தெரியவில்லை. நட்டு அச்சில் மூன்றே மூன்று மரையை, மூன்று சுற்றை மட்டும், பிடித்திருந்தது.

[நீளமான அச்சு வாங்கி மாற்றியிருக்க வேண்டும். அதற்கு உள்ளே இருக்கிற பேரிங் குண்டுகளைக் கொட்டி, கிரீஸ் போட்டு, மறுபடி அடுக்க வேண்டும். நான் அதற்குள் கை கழுவிவிட்டிருந்தேன். இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.]

“சரியாயிடுச்சாடா?” என்றாள் அக்கா.

“சரியாயிடுச்சு.”

3

மறுநாள் காலை அவள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். தகவல் பிசகக் கூடாதே என்று அடுத்த தெரு சைக்கிள் கடைக்குப் போய், ஒரு நட்டு எத்தனை மரையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்கா, வண்டிக்கா என்றார். கதைக்கு என்றேன்.

“கதைன்னா உங்க இஷ்டம். வண்டின்னா நட்டு நிறைய மரை புடிச்சிருக்கணும். மூணுன்னா கொஞ்ச தூரம் ஓடும். ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்தா பிச்சுக்கும். அப்புறம் சக்கரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.”

~~பயம் வயிற்றைப் பிசைந்தது~~ என்று எழுதி அடித்திருக்கிறேன். பிசையவில்லை. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அக்காவின் தடத்தில் தண்ணீர்த் தொட்டி இறக்கம் வரும். முழுக்கக் குண்டும் குழியும். அடியில் லாரிகள் திரும்புகிற முனை. போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று தபால் நிலையத்துக்கு ஓடினேன். வழியில் போன ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

4

அக்கா தபால் நிலையத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு கணத்தை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று நான்கு பிரதிகளில் முயன்றேன். எடுத்தால் கதை பொய்யாகிவிடுகிறது.

கவுண்டரில் இருப்பவர் வரவில்லை, அதனால் தன்னை உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள் என்றாள்.

“அப்ப வண்டி?”

“சிட்டு எடுத்துட்டுப் போயிருக்கா, என் ஏரியாவையும் அவதான் பாக்குறா. அவ வண்டி பஞ்சர். ஏன்டா, மூஞ்சி இப்படி இருக்கு?”

சிட்டு அக்காவோடு வேலை பார்ப்பவள். படபடவென்று நடப்பதால் அந்தப் பெயர். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, நான் எழுதிய கதை ஒன்றைப் படித்துவிட்டு, முடிவு சரியில்லை என்று நேராகச் சொன்னவள். அவளைக் கூப்பிடச் சொன்னேன். அவளுடைய போன் பெஞ்சில் இருந்த பைக்குள்ளிருந்து அடித்தது.

5

இறக்கத்தின் பாதியில் கூட்டம் நின்றது. ரோடெல்லாம் கடிதங்கள். பின் சக்கரம் கவையிலிருந்து பிதுங்கிச் சங்கிலியில் சிக்கிக் கிடந்தது. சிட்டு சாக்கடை ஓரம் உட்கார்ந்து, வலது தோளை இடது கையால் பிடித்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

என்னைப் பார்த்ததும், “அக்கா வண்டிய உடைச்சிட்டேன். பிரேக்க வேகமா புடிச்சிட்டேன் போல. என் தப்புதான், அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

கடிதங்களைப் பொறுக்கக் குனிந்தேன். அந்த நட்டு ஒரு கடிதத்தின் பக்கத்தில் கிடந்தது. கடிதத்தைப் பையில் போட்டேன். நட்டை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“பரவால்ல” என்றேன்.

[வாசகரே, இந்த இடத்தில் கதாபாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை.]

6

தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எட்டு மாதம் ஆகிறது. கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவளை உள்ளே கடிதம் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மேல் அடுக்குக்கு ஸ்டூல் போட்டுத்தான் ஏறுகிறாளாம். இனி சைக்கிளைத் தொடமாட்டேன், எனக்கு அது வரவில்லை என்கிறாளாம். அக்கா வருத்தப்பட்டு இதையெல்லாம் சொல்லும்போது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று ஏன் அப்படி ஓடிவந்தாய் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிடுகிறார். இன்னொன்றில் அக்கா கண்டுபிடிக்கிறாள். மூன்றாவதில் நானே சிட்டுவின் வீட்டுக்குப் போகிறேன். கதவு திறக்கிறது. எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் இடது கையால் கதவைப் பிடித்தபடி,

நிஜத்தில் இரண்டுமுறை அந்தக் கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மணியில் விரல் வைத்தால் உள்ளேயிருந்து படபடவென்று நடந்துவருகிற சத்தம் கேட்கும், அதைத் தாங்க முடியாது என்று. இப்போது அவள் எப்படி நடக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆகவே அவள் பேசுகிற இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். நான் எழுதினால் என்னை மன்னித்துவிடுவாள். எழுதும்போதெல்லாம் மன்னித்துவிடுகிறாள். அதனால் இந்தத் தாள்களை அவளிடமே கொண்டுபோகிறேன். சிட்டு, இதுவரை படித்திருந்தால், வாசலில் நிற்பது நான்தான். மீதியை நீ சொல்.