வெண்டல் ஏறி நின்ற பின் கொக்கி

ஜனவரி மாதத்து அந்தக் காலையில் க்வார்ட்ஸைட் பாலைவன முகாமில், ஆர்டிஸின் வீட்டு வண்டியைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். வாசல் படியில், எழுதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்டிஸ். துணிப் பந்தலுக்குக் கீழே மடக்கு நாற்காலியில் அவள் கணவன் வெண்டல். எதிர் நாற்காலியில், காபிக் குவளையோடு வந்த பக்கத்து வண்டி ஆர்லோ. கொரீன் மட்டும் உட்காரவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

ஆர்டிஸின் தங்கை வெர்னா, மின்னசோட்டாவில் தனியாக இருக்கிறாள். கால்கள் பலமிழந்து இரண்டு வருடம். "என் பேட்டரி ஸ்கூட்டரையும் உங்கள் வண்டியில் ஏற்ற முடிந்தால் நானும் உங்களோடு வந்துவிடுகிறேன். முடியாதென்றால் உடனே எழுது. இங்கே முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். ஸ்கூட்டரின் எடை இருநூற்று நாற்பது பவுண்டு. அதை ஏற்ற ஆர்லோ இரவல் தந்த இரும்புத் தாங்கி நூற்றுப் பத்து. இரண்டும் வண்டியின் பின்னால், காரை இழுக்கும் கொக்கியில்தான் தொங்க வேண்டும்.

"கொக்கியிலயே ஐயாயிரம்னு அடிச்சிருக்கான். முந்நூத்தி ஐம்பதெல்லாம் ஒரு கொசு" என்றான் வெண்டல்.

"ஐயாயிரம் இழுக்கிறதுக்கு. மேல உக்கார வைக்க ஐந்நூறுதான்" என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பவும் மிச்சம் இருக்கே!"

கொரீன் வெளியே வந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். இருபத்தாறு வருடம் நெடுஞ்சாலைச் சாவடியில் லாரிகளை நிறுத்து எடை பார்த்தவள். சக்கரத்துக்கு ஒன்றாக எடைத் தட்டுகளை வைத்திருந்தாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதினாள். முன் அச்சில் ஆறாயிரத்து ஐந்நூறு. பின் அச்சில் பதினாலாயிரத்து அறுநூற்று இருபது. பின் அச்சு தாங்குவது பதினைந்தாயிரம்.

"இன்னும் முந்நூத்தி எம்பது தாங்குமே!" வெண்டல் துள்ளினான்.

"தாங்கிய மாட்டுங்க. வெண்டல், அதுமேல ஏறி நில்லுங்க. உங்க எடை என்ன?" என்றாள் கொரீன்.

"இருநூத்தி நாப்பது."

"பாத்தியா, ஸ்கூட்டருக்கு அண்ணன் தம்பி" என்றான் ஆர்லோ.

வெண்டல் ஏறினான். பின் அச்சில் பதினைந்தாயிரத்து நூற்று ஐம்பத்து நாலு.

"தட்டு பொய் சொல்லுது!" என்றான் வெண்டல்.

"முன் அச்சையும் பாத்தேன். நூத்தி எம்பத்தி நாலு குறைஞ்சிருக்கு. பின் சக்கரத்துக்குப் பத்தடி பின்னால நிக்கிறீங்க. சீசாப் பலகை மாதிரி வண்டி மூக்கைத் தூக்குது. அந்தப் பாரமும் பின் அச்சுலதான் இறங்குது. காத்தடிக்கிற ரோட்டுல ஸ்டியரிங் கையில நிக்காது."

ஆர்டிஸ் மடியிலிருந்த எழுதும் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் கொரீன்மேல் கோபம் வரவில்லை. 'பரவாயில்லை, போங்கள்' என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! இவள் ஒரு பவுண்டைக்கூட மனசாட்சிக்கு வெளியே விடவில்லையே.

"கொரீன், நாங்க பின்னால இழுத்துட்டுப் போற காருக்குள்ள ஸ்கூட்டரைக் கழட்டி வச்சா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

கொரீனின் முகம் மலர்ந்தது. "கார் தன் சக்கரத்துல நிக்குது. கொக்கி மேல உக்காராது. தாங்கியே வேண்டாம். ஆனா காரையும் நிறுக்கணும்."

வெண்டல் இருமினான்.

காரின் பின்பக்கக் கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. வாளி வாளியாகக் கற்கள். மூன்று குளிர்காலம் பாலைவனத்தில் பொறுக்கியவை.

"இதுல எவ்வளவு?" என்றாள் கொரீன்.

"கொஞ்சம்தான்."

காரை நிறுத்தார்கள். காரின் சொந்த எடைக்கு மேல் ஐந்நூற்று அறுபது பவுண்டு.

"எடை தாங்கும். இடம்தான் இல்ல" என்றாள் கொரீன்.

"மச்சினிச்சிக்கு இடமில்ல, மலைக்கு இடமிருக்கு!" ஆர்லோ சிரித்தான்.

வெண்டல் சிரிக்கவில்லை. முதல் வாளியைத் தூக்கித் தரையில் வைத்தான். பிறகு அடுத்தது. ஆர்டிஸ் அவன் பெயரைச் சொன்னாள். அவன் திரும்பாமலே, "எழுத வேண்டியத எழுது" என்றான்.

காலியான காரை மறுபடி நிறுத்து, ஸ்கூட்டரின் எடையைச் சேர்த்து, வண்டியும் காரும் சேர்ந்து தாங்கும் எல்லைக்குள் எல்லாம் அடங்குகிறது என்று கொரீன் ஒரு சீட்டில் எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.

ஆர்டிஸ் எழுதினாள்: "அன்புள்ள வெர்னா, கையெழுத்துப் போடாதே. ஸ்கூட்டரும் உன்னோடு வருகிறது. ஆதாரச் சீட்டு இத்துடன். துணிமணிக்கு ஒரே பெட்டி, நாற்பது பவுண்டுக்கு மேல் ஒரு குண்டூசி கூடாது. இங்கே நிறுத்துப் பார்க்க ஆள் இருக்கிறது."

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, விரலால் இரண்டு முறை அழுத்தினாள். முகாம் அலுவலகத்துத் தபால் பெட்டிக்குள் அது 'டப்' என்று விழுந்தது.