இறக்கைக்குள் குங்குமம்

இடது இறக்கையின் அடியில் இருந்த துளை வழியாக சாதிக் பாட்ஷா கேமரா வயரை உள்ளே விட்டார். வயரின் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு விளக்கு. இறக்கைக்குள் தெரிவதெல்லாம் ஸ்ரீனிவாசன் கையில் இருந்த செல்போனில் படமாக ஓடியது. சந்திரகலா கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமீரகத்தின் உம்முல் குவைனில் அவர்கள் வாடகைக்கு இருந்த பழைய வில்லாவின் கார் ஷெட்தான் பட்டறை. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, எட்டு வருடமாக வார விடுமுறைகளில் கட்டிய இரண்டு பேர் விமானம் அது. உடல் தன் சக்கரங்களில் நின்றது. இறக்கைகள் மட்டும் இன்னும் பொருத்தப்படாமல் மரத் தாங்கிகளில் கிடந்தன. அவற்றைப் பொருத்துவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை உள்ளே பார்க்கத்தான் சாதிக் பாய் வந்திருந்தார். விமானக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பை ஃபிளையிங் கிளப் அவரிடம் கொடுத்திருந்தது.

"ஸ்ரீனி, நில்லு. அது என்னப்பா சிவப்பா?"

"எங்க பாய்?"

"பின் ஸ்பார்ல. பெயின்ட்டுக்கு அடியில."

ஸ்பார் என்பது இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் சட்டம். இறக்கை வாங்கும் பாரத்தையெல்லாம் தாங்குவது அதுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஸ்ரீனிவாசன் சிரித்தார். "குங்குமம் பாய். ஆயுத பூஜைக்கு வெச்சது. அப்போ மேல் தகடு அடிக்கல, திறந்து கிடந்துச்சு."

"எங்க வீட்டு கிரைண்டர்ல பக்கத்து வீட்டு அம்மா ஒரு தடவை வெச்சு விட்டுப் போனாங்க. பரவால்லன்னு விட்டுட்டேன். அது கிரைண்டர். பறக்காது."

வயரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். படம் கிட்டே வந்தது. சட்டத்தின் மேல் மூன்று பொட்டுகள். இரண்டின் மேல் பிரைமர் பூச்சு பூரி மாதிரி உப்பியிருந்தது. உப்பலின் ஓரத்தில் வெள்ளைத் தூள்.

சாதிக் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸ்ரீனிவாசனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அலுமினியம் பூத்திருக்கு ஸ்ரீனி."

எப்படி நடந்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது. சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே பிரைமர் அடித்து மூடியாயிற்று. அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் ஷெட் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார்கள். கடல் பக்கத்து ஈரம் பூச்சுக்குள் புகுந்து வேலை பார்த்திருக்கிறது.

"எவ்வளவு ஆழம்னு மேல் தகட்டைப் பிரிக்காம எனக்குத் தெரியாது" என்றார் சாதிக் பாய். "செவ்வாய்க்கிழமை வர்றேன். அதுக்குள்ள பிரிச்சுப் பாத்து வை. பிரிச்சேன், ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னா நான் நம்பிக் கையெழுத்துப் போடுவேன். இத்தனை வருஷத்துல நீ எங்கிட்ட ஒரு ஆணி விஷயத்துலகூடப் பொய் சொன்னதில்ல." பிறகு சந்திரகலாவைப் பார்த்து, "டீ வேண்டாம் தங்கச்சி. வெயில் இறங்கறதுக்குள்ள அஜ்மான் போகணும்" என்றார்.

டீ வேண்டாம் என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

*

ஸ்ரீனிவாசன் அசட்டையான ஆள் இல்லை. தகட்டை வெறுங்கையால் தொட மாட்டார். கை வியர்வை பட்டால்கூட அலுமினியம் கெடும் என்று உறை மாட்டிக்கொள்வார். அவளையும் மாட்டச் சொல்வார். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அவர் கன்னால் வெளியிலிருந்து அடிக்க, அவள் மறுபுறம் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். கட்டி கொஞ்சம் சாய்ந்தால் ரிவெட் கோணலாகப் போகும். அவளுக்குச் சாய்ந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்த கைதான். இவ்வளவு இரும்பு பிடிக்கும் என்று அதற்கே முன்பு தெரியாது.

அந்த வருடம் பின் ஸ்பாரைத் தேய்த்து, துடைத்து, பிரைமர் அடிக்கத் தயாராக மேசையில் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை வந்தது. பர்துபாய் கோயில் சந்தில் வாங்கிய சந்தனமும் குங்குமமும்தான். டிரில்லுக்கு, கம்பிரசருக்கு, காருக்கு, ஃபிரிட்ஜுக்கு, அப்படியே ஸ்பாருக்கும் வைத்தார். விஜயதசமியன்று வேலையைத் தொடங்கும்போது துணியை எடுத்துத் துடைக்கப் போனவரை அவள்தான் நிறுத்தினாள்.

"பொட்டை அழிக்காதீங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், என் கண்ணு முன்னாடியேவா?"

"பிரைமர் ஒட்டாது கலா."

"அதுபாட்டுக்கு அடியில இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

அவருக்கும் துடைக்க மனம் இல்லை. அடித்து மூடினார்.

*

சாதிக் பாய் போன பிறகு ஸ்ரீனிவாசன் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். இத்தனை அகலம் போனாலும் மிச்சம் இவ்வளவு தாங்கும், அது பின் ஸ்பார்தான், அதிகப் பாரம் முன் ஸ்பாரில்தான் என்று எழுதிக்கொண்டே போனார்.

பிரித்துப் பார்ப்பது என்றால் வரிசை வரிசையான ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். எடுத்த தகடு திரும்ப உட்காராது. புதுத் தகடு வர மாதக்கணக்காகும். அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ரம்ஜான் முடிந்ததும் விசா ரத்து. அதற்குள் பறக்காவிட்டால் இந்த விமானம் எப்போதும் பறக்காது. ஊரில் அவர்களுக்கு இருப்பது கரூரில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்.

"தாங்கும்" என்றார் காகிதத்தைப் பார்த்தபடியே.

"சாதிக் பாய்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பிரிச்சுப் பாத்தேன்னு சொல்லுவேன்."

"பிரிக்காமலே?"

"அன்னிக்கே துடைச்சிருப்பேன். நீதான் கையைப் பிடிச்சே."

அவள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். "ஆமா, பிடிச்சேன். நான் சொன்னதெல்லாம் கேக்கற ஆளா நீங்க? ஏ.சி.யைப் பதினெட்டுல வைக்காதீங்கன்னு வந்த நாள்லேர்ந்து சொல்றேன். அதைக் கேட்டிருக்கீங்களா? இதை மட்டும் கேட்டீங்க."

"பேசாம இரு கலா."

"எட்டு வருஷமா பேசாம இரும்பைப் பிடிச்சிட்டுத்தானே நின்னேன்."

அப்போது மகள் தன்யா ஃபோனில் கூப்பிட்டாள். மணிப்பாலில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள்.

"அப்பா, டிக்கெட் போட்டாச்சு. ஃபர்ஸ்ட் ஃப்ளைட் நீங்க மட்டும், ரூல்ஸ், ஓகே. பட் செகண்ட் என்னோடது. ப்ராமிஸ் பண்ணியிருக்கீங்க."

"பாக்கலாம்டா. முதல்ல கொஞ்ச நாள் நான் ஓட்டிப் பாத்துக்கறேன்."

"எவ்ளோ நாள்?"

"நீ திரும்பிப் போற வரைக்கும்னு வெச்சுக்கயேன்."

"சீரியஸ்லி? அப்போ நான் எதுக்கு வர்றேன், கீழ நின்னு கை தட்டவா?"

அவர் ஏதோ சொல்லி வைத்தார். ஃபோன் அணைந்ததும் சந்திரகலா அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"தன்யாவை ஏத்த மாட்டீங்க."

"அப்படிச் சொல்லல."

"சரி, ஏத்துவீங்களா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனார். சோறு அப்படியே இருந்தது. கணக்குப் போட்ட காகிதம் மேசையில் கிடந்தது. அவளும் கணக்கு டீச்சர்தான். வரி வரியாகப் படித்தாள். தப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. செவ்வாய்க்கிழமை சாதிக் பாயிடம் காட்ட இது போதும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். வேறெங்கும் பொட்டு இல்லை, இது ஒன்றுதான் என்று தன்னைத்தானே நம்பவைக்க அவள் செல்போனை எடுத்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவது வழக்கம். வேட்டி கட்டிய ஸ்ரீனிவாசன், முன்னால் பொரிகடலை, பின்னால் மேசையில் அந்த வருடத்து வேலை. ஊரிலிருந்து கட்டைவிரல்களாக வந்து குவியும்.

ஸ்பார் இருந்த வருடத்துக்கு முந்தைய படத்தைப் பெரிதாக்கினாள். மேசையில் வாலில் பொருத்தும் நீளத் தகடு. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர். அதன் கீல் பக்கத்தில் மூன்று பொட்டு.

ஸ்பாருக்கு அடுத்த வருடத்துப் படத்தில் உடலின் பக்கச்சுவர். சீட் பெல்ட் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பொட்டு. கொரோனா வருடத்தில் யாரும் வரவில்லை என்று பெரிதாகவே பூஜை போட்டிருந்தார்கள். அதில் வாலில் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர், இன்ஜின் தாங்கி, கன்ட்ரோல் கம்பி, எல்லாவற்றிலும் பொட்டு.

அவர் துண்டோடு வந்தபோது செல்போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எலிவேட்டரில் வெகுநேரம் நின்றார்.

"இதைத் துடைச்சோமா?"

"துடைச்ச ஞாபகம் உங்களுக்கு இருக்கா?"

"இல்ல."

"நாம எதையுமே துடைக்கறதில்லைங்க. வாஷிங் மெஷின்ல வெச்சதே இன்னும் அப்படியே இருக்கு."

ஈரத் தலையோடு மேசைக்கு வந்து கணக்குப் போட்ட காகிதத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு இடம்னா கணக்குப் போடலாம் கலா. எத்தனை இடம்னே தெரியலைன்னா எதை வெச்சுப் போடறது?"

பனியனை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அவளும் பின்னால் போனாள்.

ஸ்பாருக்கு நேர் மேலே இருந்த ரிவெட் வரிசையிலிருந்து தொடங்கினார். டிரில் முனையை ஒவ்வொரு தலையிலும் நடுவில் பதித்து, அதிராமல் அழுத்தி, தலையை மட்டும் நீக்கிக் குச்சியால் தட்டி எடுத்தார். அவள் கீழிருந்து கையேந்தி விழுந்தவற்றை வாங்கினாள். நடுவில் ஒரு தடவை அவர், "இது நீ பிடிச்சதுதான், பாரு, நேரா இருக்கு" என்றார். அவளால் அதைக் கேட்க முடியவில்லை. "மேல வேலையைப் பாருங்க" என்றாள்.

தகட்டின் ஓரம் எழும்பியதும் அவள் அதைத் தூக்கிப் பிடித்தாள். அவர் கைவிளக்கை உள்ளே காட்டி, கூர்மையான கம்பி ஒன்றால் உப்பிய பூச்சைச் சுரண்டினார். முதல் பொட்டின் கீழே வெள்ளைத் தூள் உதிர்ந்தது, அதற்கடியில் அலுமினியம் சொரசொரப்பாக இருந்தது, ஆனால் கெட்டியாக. அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

இரண்டாவது பொட்டில் கம்பியை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். கம்பி உள்ளே போய்விட்டது. உருவி எடுத்துப் பார்த்தால் சட்டத்தின் மறுபுறத்து வெளிச்சம் தெரிந்தது. ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி பொடிந்தது. அங்கிருந்து மேல் பக்கம் ஒரு வெடிப்பு ஓடி, ரிவெட் துளையில் போய் நின்றது.

மூன்றாவதை அவர் சுரண்டவே இல்லை.

"ஏறியிருப்பேன்" என்றார்.

அவள் தகட்டைப் பிடித்த கையை விடவில்லை. விட்டால் அது அவர் கை மேல் விழும்.

"செவ்வாய்க்கிழமை அவர்கிட்ட சொல்லிட்டு ஏறியிருப்பேன் கலா."

"தெரியும்" என்றாள். "கையை வெளிய எடுங்க. எனக்கு வலிக்குது."

அவர் கையை எடுத்தார். அவள் தகட்டை இறக்கினாள். அது பழையபடி படியாமல் ஓரத்தில் நெளிந்து நின்றது. அவர் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்து சாதிக் பாயைக் கூப்பிட்டார்.

"பாய், பிரிச்சுப் பாத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "செவ்வாய்க்கிழமை நீங்க வர வேண்டாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்ரீனிவாசன் "ம்" என்றார், மறுபடி "ம்" என்றார். "ஆமா பாய். முழுசா." ஃபோனை வைத்துவிட்டு விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதுவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அழவில்லை. முகம் மட்டும் காய்ச்சல்காரர் முகம் மாதிரி வற்றிப்போயிருந்தது.

"தன்யா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வரட்டும்" என்றார். "இதைப் பிரிக்க நம்ம ரெண்டு பேரால ஆகாது."