மதில்மேல் கவிழ்த்த தம்ளர்

குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்த அன்றே பிரீத்தி வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்கும் போய், பால் காய்ச்சுவதற்கு அழைத்தாள். குந்தா மின்நிலையத்தில் இன்ஜினியர் வேலை. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அம்மாதான் வரவில்லை. "நா வந்தா நாம யாருன்னு தெரிஞ்சுபோயிரும் கண்ணு. நீயே காச்சிக்க" என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பால் பொங்கியது. ஆறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுகந்திதான் கேட்டாள்.

"சொந்த ஊரு எதுங்க?"

"மஞ்சூருங்க."

"அட! மஞ்சூர்ல எங்கீங்க?"

டவுன் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா. பிரீத்திக்கு நாக்கு வளையவில்லை.

"எஸ்டேட்டுங்க. கீழ் லைன்."

தேயிலை எஸ்டேட்டின் கீழ் லைன் வீடுகளில் எந்தச் சாதியைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று அந்த மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. ஒருத்திக்கு விரதம். ஒருத்திக்குச் சர்க்கரை. ஒருத்திக்குப் பால் வாடையே ஆகாதாம். நேற்று பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்டுச் சண்டை பிடித்தவள்.

சுகந்தி மட்டும் தம்ளரை வாங்கிக்கொண்டாள். "சூடா இருக்குதுங்க. ஊட்டுக்குப் போயி ஆத்திக் குடிச்சுக்கறேன்."

அது போதும். ஒரே ஒரு வீடு குடித்துவிட்டால் இங்கே காலம் தள்ளிவிடலாம்.

எல்லோரும் போன பின் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். சுகந்தி இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலோரம் குனிந்து பாலை மண்ணில் ஊற்றினாள். தம்ளரை மதில்மேல் கவிழ்த்துவிட்டு விரல்களைப் புடவையில் துடைத்தாள்.

பிரீத்தி அழவில்லை. இன்னொரு தம்ளரை நிரப்பிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினாள்.

"அது சிந்திருச்சு போலங்கக்கா. வேற கொண்டாந்திருக்கேன். இங்கயே குடிங்க, நிக்கறேன்."

சுகந்தியின் பார்வை மதிலுக்குப் போய்த் திரும்பியது. "ஐயோ, அடுப்புல குழம்பு இருக்குதுங்க..."

"இருக்கட்டுங்க. ஒரு வாய்."

கதவு சாத்திக்கொண்டது. மரியாதையாகத்தான், சத்தமே இல்லாமல்.

பனிமூட்டம் இறங்கியது. பாலில் ஆடை கட்டும்வரை பிரீத்தி அசையவில்லை. பிறகு, கதவைப் பார்த்தபடியே மடமடவென்று குடித்து, தம்ளரை முதல் தம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள்.

போன் அடித்தது.

"எல்லாரும் குடிச்சாங்களா கண்ணு?"

"நா குடிச்சேம்மா. நீ எப்ப வர்ற?"

இந்த முறை அம்மா போனை வைக்கவில்லை.